தோர்மேலாவில் ரயில் நிற்க வேண்டும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்

தோர்மேலாவில் ரயில் நிற்பது சட்டவிரோதமாகிப் போனது இரண்டு காப்பியால். இதை அந்த ஊர்க்காரர் செவேரோ எங்கே சொன்னாலும் ஆட்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார். சிரிக்கிறவன் பெண்டாட்டிக்குச் சிறுநீரகம் வேலை செய்கிறது போலிருக்கிறது என்று மட்டும் நினைத்துக்கொள்வார்.

அவர் மனைவி ஒப்துலியாவுக்கு வேலை செய்யவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் அவளைப் பக்கத்து டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், மெஷினில் இரத்தத்தைச் சுத்தம் பண்ணிக் கூட்டிவர வேண்டும். ஊருக்கு பஸ் கிடையாது. டாக்ஸி ஒன்று உண்டு, அதை ஓட்டுகிறவனுக்கு இரண்டு கண்ணிலும் புரை. காலையில் ஒரு ரயில் நிற்கும், சாயங்காலம் ஒன்று நிற்கும். நிற்பது என்றால் ஒரு ஆள் படியேறி உட்காருகிற நேரம், அவ்வளவுதான். அந்த நேரத்தை வைத்துத்தான் ஒப்துலியா உயிரோடு இருந்தாள்.

அப்படி இருக்கும்போது தலைநகரத்தில் ஒரு மசோதா வந்தது. சிற்றூர் ரயில் நிறுத்தங்களை ஒழுங்குபடுத்துவது என்று அதற்குப் பெயர். ஒழுங்குபடுத்துவது என்றால் எடுத்துவிடுவது என்று அர்த்தம். செவேரோ பள்ளிக்கூடத்தில் அதிகம் தங்கியவர் இல்லை, ஆனாலும் அரசாங்க பாஷை அவருக்கு அந்த அளவு தெரியும். தோர்மேலாவை மட்டும் விட்டுவிடலாம் என்று மசோதாவுக்கு ஒரு திருத்தமும் வந்திருந்தது. அதை எல்லாக் கட்சியும் ஆதரிப்பதாகச் சொன்னார்கள். தொகுதி உறுப்பினர் தோன் பல்தோமெரோ ஆளுங்கட்சிக்காரர். பெரிய மனிதர் பேருக்கு முன்னால் அங்கே தோன் போடுவார்கள், பெண்ணென்றால் தோன்யா. தேர்தல் சமயத்தில் ஊரில் கசில்தா நடத்துகிற பாருக்கு வந்து, சுட்ட ஆட்டுக்குட்டி விலாவைத் தின்றுவிட்டு, எண்ணெய்க் கையை நெஞ்சில் வைத்து, ரயில் நிற்கும் என்று சத்தியம் செய்தார். அடுத்த வாரம் எதிர்க்கட்சிக்காரர்கள் வந்தார்கள். அவர்களும் அதே விலாவைத் தின்று அதே சத்தியத்தைச் செய்தார்கள். இரண்டு கட்சிக்கும் பொதுவாக இருந்தது ஆட்டுக்குட்டி ஒன்றுதான்.

வாக்கெடுப்பு அன்று ஊரே கசில்தாவின் பாரில் டிவி முன்னால் இருந்தது. ஊர் என்றால் நாலு மேசை நிறையும். ஒப்துலியா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தாள். செவேரோ உட்காரவில்லை. வாசலுக்குப் போனார், திரும்பி வந்தார், நாற்காலியைப் பிடித்தார், விட்டார். சபையில் ஒன்றன்பின் ஒன்றாக என்னென்னவோ வாக்கெடுப்புகள் ஓடிக்கொண்டிருந்தன. மணி அடிக்கும், உறுப்பினர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள், மேசையில் இருக்கிற பட்டனை அழுத்துவார்கள், மறுபடி போனைக் குனிந்து பார்ப்பார்கள். முன்வரிசையில் ஒரு ஆள் மட்டும் எழுந்து நின்று விரலை விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தாளு எதுக்கு விரலைத் தூக்குறான்? பாத்ரூம் போகணுமா?" என்று ஒப்துலியா கேட்டாள்.

"அவருதான் கொறடா, தோன் லெயாந்த்ரோ. ஒரு விரல்னா ஆமா. ரெண்டுன்னா இல்ல. மூணுன்னா எந்தப் பக்கமும் இல்ல. அதைப் பாத்துதான் அவர் கட்சிக்காரங்க அத்தனை பேரும் அழுத்துவாங்க" என்றாள் கசில்தா.

"எதுக்கு ஓட்டுப் போடுறோம்னு அவங்க படிச்சுப் பாக்க மாட்டாங்களா?"

"படிக்கிறதுக்கா சம்பளம் குடுக்குறாங்க?"

தோர்மேலா என்ற பேர் டிவியில் வந்தது. எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். அந்த நேரம் பார்த்துத் தோன் லெயாந்த்ரோவுக்குத் தொண்டை வறண்டது. காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கிற மனிதர், அதுவும் நியாயம்தான். சபைச் சேவகர் ஒருவர் ஓரமாகப் போனார். கொறடா அவரைப் பார்த்து, தனக்கும் பக்கத்தில் இருந்தவருக்குமாக, இரண்டு காப்பி என்று இரண்டு விரலைக் காட்டினார்.

ஆளுங்கட்சி மொத்தமும் இரண்டாவது பட்டனை அழுத்தியது.

எதிர்க்கட்சிக் கொறடா தோன்யா பிராக்சதிஸ் ஒரு விரலைப் பாதி தூக்கியிருந்தார். எதிரி இரண்டு விரல் காட்டுவதைக் கண்டதும் கை அப்படியே நின்றது. ஆமாம் என்று சொன்னவர்கள் இல்லை என்கிறார்கள் என்றால் உள்ளே ஏதோ சூழ்ச்சி இருக்கிறது என்று அவருக்குப் பட்டது. சூழ்ச்சி இன்னதென்று தெரியாதபோது மூன்று விரல்தான் பத்திரம். மூன்றைக் காட்டினார். எதிர்க்கட்சி மொத்தமும் மூன்றாவதை அழுத்தியது.

பலகையில் எண்கள் வந்தன. ஆமாம் என்று விழுந்தது ஒரே ஒரு வாக்கு. அது தோன் பல்தோமெரோவுடையது. அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்ததால் கொறடாவின் விரலைப் பார்க்கவில்லை. ஊர்ப் பேரைக் காதில் வாங்கி, மனதில் பட்டதை அழுத்திவிட்டார்.

இரண்டு காப்பியும் வந்து சேர்ந்தது. அதையும் டிவியில் காட்டினார்கள்.

"முடிஞ்சிருச்சா?" என்று ஒப்துலியா கேட்டாள். தப்புதானே, நாளைக்குத் திருத்திவிடுவார்கள் என்று கசில்தா சொல்லிப் பார்த்தாள். செவேரோ வாசலுக்குப் போய்த் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த மாதம் முதல் புது கால அட்டவணை.

சாயங்காலத்துக்குள் ஒவ்வொரு உறுப்பினரும் ஏதாவது ஒரு மைக்கைப் பிடித்து, தான் நினைத்தது ஆமாம்தான், விரல்தான் மாறிப்போனது என்று வருத்தம் தெரிவித்தார். எதிர்க்கட்சியும் தெரிவித்தது. இருட்டுவதற்குள் மொத்தச் சபையும் தோர்மேலா பக்கம் வந்துவிட்டது. கொறடாவின் விரலைப் பார்க்காமல் தன்னிச்சையாகப் பட்டனை அழுத்தினார் என்று ஆளுங்கட்சி தோன் பல்தோமெரோவுக்கு மட்டும் அபராதம் போட்டது. அத்தனை பேரில் தப்புக்காகத் தண்டனை பெற்றவர் அவர் ஒருவர்தான்.

செவேரோ தலைநகரத்துக்குக் கிளம்பினார். ஒப்துலியா முட்டையும் உருளைக்கிழங்கும் போட்ட தடித்த ஆம்லெட்டைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள்.

"கத்தாத. அங்க கத்துனா போலீஸைக் கூப்புடுவாங்க."

"நான் எதுக்குக் கத்தப்போறேன்?"

"நாப்பது வருஷமா எங்கிட்டக் கத்துறியே, அந்தப் பழக்கத்துல."

பாராளுமன்றத்தில் வாக்குத் திருத்தப் பிரிவு என்று ஒன்று இருந்தது. அங்கே தோன்யா ஹெர்மினியா என்ற அம்மாள், காதில் முத்துத் தோடும் முகத்தில் பொறுமையுமாக உட்கார்ந்திருந்தார். நாற்காலி காட்டினார். செவேரோ நின்றார்.

அம்மாள் மகிழ்ச்சியான செய்தி சொன்னார். உறுப்பினர்கள் அத்தனை பேரும் தங்கள் வாக்கைத் திருத்தித் தந்துவிட்டார்கள். எல்லாம் அவைக் குறிப்பில் ஏறிவிட்டது. இவ்வளவு முழுமையான திருத்தத்தை இந்தப் பிரிவு கண்டதே இல்லை.

"அப்போ ரயில் நிக்கும்" என்றார் செவேரோ.

"நிக்காது. திருத்தம் எண்ணத்துக்குத்தான், முடிவுக்கு இல்ல."

"புரியல."

"தப்பா அழுத்திட்டேன், சரியாத்தான் நெனச்சேன்னு ஒருத்தர் சொன்னா, அவர் சரியாத்தான் நெனச்சார்னு பதிவாகும். அவர் பேருக்குக் களங்கம் வராது. ஆனா நடந்தது நடந்ததுதான். நடந்ததையெல்லாம் மாத்த ஆரம்பிச்சா அது எங்க போய் முடியும்?"

"எங்க ஊர் ஸ்டேஷன்ல போய் முடியும். காலையில."

அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. இது அருமையான விதி என்று விளக்கினார். மனிதனாகப் பிறந்தவனுக்குத் தப்பு வரும். அதற்காக அவனைத் தண்டிக்கக் கூடாது, செய்ததையும் கலைக்கக் கூடாது. போன வருஷம் இந்த விதியை அரசு நிறுவனங்கள் எல்லாவற்றுக்குமே விரித்துச் சட்டமாக்கிவிட்டார்கள். அஞ்சல் துறை, மின்சாரம், ரயில்வே எல்லாம் இதில் அடக்கம்.

"அவ்வளவு நல்ல மனசா இவங்களுக்கு?"

அம்மாள் குரலைத் தாழ்த்தினார். "அதுவும் தப்பா அழுத்துனதுதான்."

தோன் பல்தோமெரோ வந்து செவேரோவின் தோளைப் பிடித்து, நேராகச் சபாநாயகரிடமே கூட்டிப்போனார். போகிற வழியெல்லாம் தன் அபராதத்தைப் பற்றியே பேசிக்கொண்டு போனார். நல்லது செய்து கெட்டபேர் வாங்கிவிட்டாராம். இனிமேல் மனதில் படுவதை அழுத்தவே மாட்டாராம்.

சபாநாயகர் தோன் எவாரிஸ்தோ உயரமான மனிதர், எழுந்து நின்றே பேசினார்.

"பெரியவரே, ஒண்ணு நீங்க தெரிஞ்சுக்கணும். சபை தப்புப் பண்ணாது. உறுப்பினர் தப்புப் பண்ணலாம். பாதிப் பேர் தப்புப் பண்ணா அது விபத்து. எல்லாரும் ஒரே நேரத்துல தப்புப் பண்ணிட்டாங்கன்னா, அதுதான் சபையோட விருப்பம். ஜனநாயகத்துல அதுக்கு மேல ஒண்ணும் கிடையாது."

செவேரோ சுவரைப் பார்த்தார். சுவரில் பழைய சபாநாயகர்கள் வரிசையாக மாட்டியிருந்தார்கள். யாரும் தப்புச் செய்த முகமாகத் தெரியவில்லை.

"அதனால சபை தன்னோட விருப்பத்தை மறுபடி விரும்பிப் பாக்கும்" என்று தோன் எவாரிஸ்தோ முடித்தார். கால அட்டவணை மாறுவதற்குள் புதிதாக ஒரு தீர்மானம் வரும், அதற்கு செவேரோவே விருந்தினராக வர வேண்டும் என்றார்.

ஊருக்குத் திரும்பினால் ஸ்டேஷனில் ரயில்வே ஆட்கள் பெஞ்சைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். முடிவு முடிவுதானே என்றார்கள். ஊர்ப் பேரின் மேல் சாம்பல் பெயிண்ட் அடித்தார்கள். கடிகாரத்தை மட்டும் விட்டுவிட்டார்கள், ஆணி துருப்பிடித்துக் கழற்ற வரவில்லை. ஒப்துலியா அன்றைக்குச் சுவரில் சாய்ந்து நின்று சாயங்கால ரயிலில் இருந்து இறங்கிய களைப்பை ஆற்றிக்கொண்டாள். டவுனில் அவளுடைய அக்கா மகள் ஒருத்தி இருந்தாள். அவள் வீட்டு முன்னறையில் ஒரு சோபா இருந்தது. செவேரோ அந்தப் பேச்சை எடுத்தார்.

"எடுக்காத" என்றாள் ஒப்துலியா. "அடுத்தவங்க சோபாவுல கிடந்து டிவி பாத்துக்கிட்டே சாகுறதுக்கு எனக்குப் பொறுமை இல்ல. என் கட்டில் இங்க இருக்கு."

அவர் அன்றிலிருந்து வீட்டுக்குள்ளும் உட்காரவில்லை. நின்றுகொண்டே சூப் குடித்தார். நீ நடக்கிற நடைக்கு என்னைத் தூக்கிக்கொண்டு டவுனுக்கே போயிருக்கலாம் என்று அவள் திட்டினாள்.

தலைநகரத்தில் ஏற்பாடுகள் தடபுடலாக நடந்தன. நிபுணர் குழு ஒன்று கூடி, கோளாறு விரலில் இருக்கிறது என்று கண்டுபிடித்தது. அதனால் கொறடாக்களுக்குக் கையுறை தைத்தார்கள். ஆமாம் என்றால் பச்சை, இல்லை என்றால் சிவப்பு. நிறம் பிரித்துத் தெரியாத உறுப்பினர் ஒருவர் முறையிட்டார். அவருக்காகக் கையுறைக்கு மேல் ஒரு கொடியும் சேர்த்தார்கள். கொடி மறைக்கிறது என்று பின்வரிசைக்காரர்கள் முறையிட்டார்கள். அவர்களுக்காகக் கொடியைப் பிடிக்க ஒரு மேடை போட்டார்கள். வாக்கெடுப்பு நேரத்தில் காப்பி தடை செய்யப்பட்டது. இந்தத் தடை ஒன்றைத்தான் இரு தரப்பும் கடுமையாக எதிர்த்தன.

பட்டன் அழுத்தச் சொல்லிக்கொடுக்க லிஃப்ட் கம்பெனியிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்தார். முதல் நாள் அவர் சுலபமாக ஒரு கேள்வி வைத்தார். நீங்கள் இந்தச் சபையின் உறுப்பினரா, ஆமாம் அல்லது இல்லை. நிறையப் பேர் இல்லை என்று அழுத்தினார்கள். சிலர் எந்தப் பக்கமும் இல்லை என்று அழுத்தினார்கள். பயிற்சியாளர் கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். பிறகு எல்லாருக்கும் ஒரே ஒரு பாடத்தை மட்டும் மண்டையில் ஏற்றினார். சந்தேகம் வந்தால் அழுத்தாதீர்கள், முதலில் பக்கத்து ஆளைக் கேளுங்கள். இதைப் பத்திரிகைகள் பாராட்டி எழுதின. கசில்தா அதை வாசித்துக் காட்டினாள். செவேரோ பாதி கேட்டுவிட்டு வாசலுக்குப் போனார்.

அந்த நாள் வந்தது. ஒப்துலியாவை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு அவர் தலைநகரத்துக்குப் போனார். பார்வையாளர் மாடத்தில் காவலர் ஒருவர் அவரைப் பணிவாக உட்காரவைத்து, கை இரண்டையும் தொடைக்கடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

"எதுக்கு?"

"கீழ இருந்து யாராச்சும் உங்க விரலைப் பாத்துட்டாங்கன்னா அழுத்திருவாங்க ஐயா. போன வாரம் ஒரு அம்மா தலை சொறிஞ்சாங்க, மீன்பிடிச் சட்டம் மாறிப்போச்சு."

செவேரோ கைமேல் உட்கார்ந்தார். அந்த மாதத்தில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. உட்கார்ந்ததுமே மூக்கு அரித்தது.

மணி அடித்தது. தீர்மானத்தைச் சபாநாயகரே நிறுத்தி நிதானமாக வாசித்தார். தோன் லெயாந்த்ரோ மேடையில் ஏறி, பச்சைக் கையுறையில் ஒரே ஒரு விரலைத் தூக்கினார். அந்தப் பக்கம் தோன்யா பிராக்சதிஸும் பச்சை, அவரும் ஒரே விரல். கொடிகள் உயர்ந்தன. எல்லாரும் பார்த்தார்கள். இதற்கு மேல் தெளிவாகச் சொல்ல மனிதக் கைக்கு வழியில்லை.

அதனாலேயே எல்லாருக்கும் சந்தேகம் வந்தது. இவ்வளவு தெளிவாகச் சொல்கிறார்கள் என்றால் ஏதோ இருக்க வேண்டும். ஒவ்வொருவரும் பாடத்தை நினைவுபடுத்திக்கொண்டு பக்கத்து ஆளைத் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்து ஆள் அதற்கடுத்த ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் முதலில் அழுத்துங்கள் என்றார் ஒருவர். உங்கள் வயதுக்கு மரியாதை, நீங்கள் அழுத்துங்கள் என்றார் இன்னொருவர். தோன் பல்தோமெரோ இரண்டு கையையும் அக்குளுக்குள் இறுக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தார். செவேரோ மேலிருந்து அந்தக் கைகளைப் பார்த்தார். எழுந்து கத்த வேண்டும் போலிருந்தது. ஒப்துலியா சொன்னது ஞாபகம் வந்தது. கை அடியில் மரத்துப் போயிருந்தது.

மறுபடி மணி அடித்து வாக்கெடுப்பு முடிந்தது. பலகையில் எண்கள் வந்தன. ஆமாம், பூஜ்யம். இல்லை, பூஜ்யம். எந்தப் பக்கமும் இல்லை, அதுவும் பூஜ்யம்.

சமமாக விழுந்தால் தீர்மானம் தோற்றதாகக் கணக்கு. தோன் எவாரிஸ்தோ எழுந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"மதிப்புக்குரிய உறுப்பினர்களே, இந்தச் சபையின் சரித்திரத்தில் ஒரு பிழைகூட இல்லாமல் நடந்து முடிந்த முதல் வாக்கெடுப்பு இது."

எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். இரு தரப்பும் கட்டிப்பிடித்துக்கொண்டன. மாடத்தைப் பார்த்து விருந்தினருக்கும் கை தட்டினார்கள். பெரியவர் திருப்பித் தட்டவில்லை, உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று மறுநாள் ஒரு பத்திரிகை எழுதியது.

வராந்தாவில் தோன் பல்தோமெரோ ஓடிவந்து கையைப் பிடித்தார். முகம் மலர்ந்திருந்தது.

"இந்தத் தடவை எனக்கு அபராதம் இல்ல, செவேரோ."

செவேரோ அவர் கையிலிருந்து தன் கையை உருவிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார். இவர்களை நம்பி வந்தது தன் தப்பு என்று முதலில் நினைத்தார். தப்பு என்ற சொல் மனதில் வந்ததும் நடை நின்றது. முத்துத் தோடு போட்ட அம்மாள் விளக்கிய விதி ஞாபகம் வந்தது. ரயில்வேயும் அதில் அடக்கம் என்றாரே.

தோர்மேலா வழியில் ஓடுகிற வண்டியை ஓட்டுகிறவர் ஹிலாரியோ. தொந்தி பெருத்த, முன்கோபக்கார மனிதர். அன்று சாயங்காலம் டவுனில் வண்டி கிளம்பக் காத்திருந்தபோது செவேரோ முன்னால் போய் அவர் ஜன்னலைத் தட்டினார். ஒப்துலியா ஆஸ்பத்திரிக் கட்டு போட்ட கையுடன் பின்னால் நின்றாள். விஷயத்தைச் சொன்னதும் ஹிலாரியோ தலையை ஆட்டினார். நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தினால் வேலை போய்விடும். அவருக்கும் குடும்பம் இருக்கிறது.

"உன்னை யாரு நிறுத்தச் சொன்னது?" என்றார் செவேரோ. "நிறுத்தாத. தப்புப் பண்ணு."

ஹிலாரியோ அவரைப் பார்த்தார். பிறகு ஒப்துலியாவின் கையைப் பார்த்தார். மறுபடி சொல்லச் சொன்னார். செவேரோ எண்ணத்தையும் முடிவையும் தனக்குப் புரிந்த மட்டில் திருப்பிச் சொன்னார். ஹிலாரியோ ஜன்னலை ஏற்றிவிட்டார்.

புது அட்டவணையின் முதல் காலை. பெஞ்சு இல்லாத, பேர் இல்லாத மேடையில் இரண்டு பேரும் நின்றார்கள். குளிர் காற்று. செவேரோ முன்னும் பின்னும் நடந்தார். வளைவில் வண்டி தெரிந்தது. வேகம் குறைந்த மாதிரித் தெரியவில்லை. அவர் மேடை ஓரத்துக்குப் போய்க் கையைத் தூக்கி இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு ஆள் என்று அர்த்தம்.

முதல் பெட்டி கடந்தது. இரண்டாவது பெட்டி கிறீச்சென்று அவர்களுக்கு எதிரே வந்து நின்றது. கதவு திறந்தது. முன்னால் ஹிலாரியோ தலையை நீட்டினார்.

"ஐயையோ. கை தவறிருச்சு" என்றார். "சீக்கிரம் ஏறுங்க, எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு."

விசாரணை வைத்தார்கள். கழுத்துப்பட்டை கட்டிய மூன்று அதிகாரிகள் உட்கார்ந்தார்கள். ஹிலாரியோ பயந்துகொண்டுதான் போனார், ஆனால் சொல்ல வேண்டியதை வரிசையாகச் சொன்னார். சபையின் விருப்பப்படி நிற்காமல் போகத்தான் நினைத்தார். கை பிரேக்கில் பட்டுவிட்டது. பதறிப்போனதில் கதவுப் பட்டனிலும் பட்டுவிட்டது. தன் எண்ணம் சரியானது என்று பதிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறார். நடந்தது நடந்ததுதான், அதைக் கலைக்க முடியாது. அதிகாரிகள் சட்டத்தைப் புரட்டினார்கள். அப்படித்தான் இருந்தது. அவருடைய எண்ணத்தைத் திருத்திக் குறித்துக்கொண்டு, பாராட்டி அனுப்பினார்கள்.

ஒருநாள் விட்டு மறுநாள் அவர் கை காலையிலும் சாயங்காலமும் மறுபடி தவறியது. அதற்கு அடுத்தும் தவறியது. அவருக்குப் பயிற்சி கொடுக்க ரயில்வே அந்த லிஃப்ட் கம்பெனி ஆளையே அனுப்பியது. அவர் இரண்டு பயணம் கூட வந்து பார்த்தார். ஒப்துலியா ஏற முடியாமல் தடுமாறியபோது கை கொடுத்துத் தூக்கிவிட்டார். இந்த ஓட்டுநரைத் திருத்தவே முடியாது, கைவாகு அப்படி என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

காலையில் படியேறும்போது ஒப்துலியா முன்பக்கம் பார்த்து, "இன்னிக்கும் தப்பா?" என்று கேட்பாள்.

"இன்னிக்கும் தப்புதாம்மா. எனக்கே கேவலமா இருக்கு" என்பார் ஹிலாரியோ.

செவேரோ அந்தப் பேச்சில் கலந்துகொள்வதில்லை. ஏறி, அவளை ஜன்னலோரம் உட்காரவைத்து, தானும் உட்காருவார். தூக்கிய இரண்டு விரலை மட்டும் இறக்க மாட்டார், வண்டி நகர்ந்து டவுன் பக்கம் வேகம் பிடிக்கிறவரைக்கும்.